இல்லாத கிளிக்கு வண்டிக் கூலி

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பேச்சு முழுவதும் போய், ஒரே ஒரு சொல் மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது. அந்தச் சொல், 'நாளைக்கு'.

"சாப்பிட்டியாண்ணா?" என்று கேட்டால், "நாளைக்கு" என்பார். "கால் வலிக்குதா?" என்றாலும் அதேதான். டிவியில் யாராவது கோல் அடித்துவிட்டால், "நாளைக்கு! நாளைக்கு!" என்று இடது கையால் நாற்காலியைத் தட்டுவார். எழுதச் சொன்னாலும் எழுத்து வராது. கோடு கோடாகப் போகும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வரும் பெண், "அவர் மனசுக்குள்ள எல்லாம் தெளிவாத்தான் இருக்கு. வாய்க்கு வர்றப்ப மட்டும் எல்லாமே அந்த ஒரு சொல்லா மாறிடுது. சொல்லைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க. முகத்தைப் பாருங்க, கையைப் பாருங்க" என்று சொல்லியிருந்தாள்.

தங்கை சரியென்று தலையாட்டினாள். ஆனால் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் முகத்தைப் பார்ப்பது யாரால் முடியும்?

அவளுக்கு நாற்பத்தாறு வயது. வீட்டில் கடைக்குட்டி என்பதால் பாப்பா என்ற பெயர் ஒட்டிக்கொண்டு, கல்யாணம், விவாகரத்து எல்லாம் முடிந்த பிறகும் போகவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் வேலை. லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு எந்திரத்தில் தேய்த்து, விளிம்பை மழுங்க வைத்து, பவர் சரியாக இருக்கிறதா என்று கருவியில் வைத்துப் பார்த்து, ஃபிரேமில் பொருத்தி அனுப்ப வேண்டும். தண்ணீர் சொட்டும் எந்திரத்தோடு நாள் முழுவதும் தனியாக இருப்பவள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் யாராவது நாலு வார்த்தை பேச மாட்டார்களா என்றிருக்கும்.

முன்பு அதற்குப் பஞ்சமே இருந்ததில்லை. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். 'ரேடியோ' என்று சொன்னால்தான் அவரைக் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் சிக்கி உள்ளே இருப்பவர்கள் அலறும்போது, வெளியில் நின்று ஸ்பேனரைத் திருகிக்கொண்டே கதை சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்துவிடுவார். கதவு திறந்த பிறகும் கதை முடியட்டும் என்று உள்ளேயே நின்றவர்கள் உண்டு. அந்த மனிதர் இப்போது மூன்றாம் மாடியில், தங்கை வீட்டு ஜன்னலோரத்தில், வலது கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அவர் கையில் போனைக் கொடுத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு சத்தம். என்னவோ ஏதோ என்று ஓடிவந்து பார்த்தால், அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். போனில் ஒரு சாம்பல் நிறக் கிளி, அழைப்பு மணி போலவே கத்திக் கத்தி வீட்டுக்காரரைக் கதவுக்கும் சோபாவுக்குமாக ஓட விட்டுக்கொண்டிருந்தது. அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எட்டு மாதத்தில் அது முதல் சிரிப்பு.

அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள்.

பறவைக் கடையில் விலை கேட்டவளுக்குத் தலை சுற்றியது. அப்புறம்தான் இணையத்தில் தேட ஆரம்பித்தாள். மூன்றாம் நாள், செல்லப் பிராணிகளைத் தத்துக் கொடுக்கும் ஒரு குழுவில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. 'இரண்டு வயது சாம்பல் கிளி. நாற்பது சொற்கள் பேசும். வெளிநாட்டுக்கு வேலை மாற்றம். அன்பான குடும்பத்துக்கு இலவசம்.' படத்தில் ஒரு சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து கிளி தலையைச் சாய்த்துப் பார்த்தது.

விளம்பரம் கொடுத்தவர் தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டார். நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் ஊர். எடுத்தவுடன் கிளியைத் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அதுதான் பாப்பாவுக்கு நம்பிக்கை தந்தது. வீட்டில் எத்தனை அறை, ஜன்னலில் வலை இருக்கிறதா, பகலில் கிளியோடு யார் இருப்பார்கள் என்று வரிசையாகக் கேள்வி கேட்டார். அவள் அண்ணனைப் பற்றி எழுதினாள். எழுத எழுத, எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாததெல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. பதில் உடனே வந்தது. 'அன்புச் சகோதரி, எனக்கு முப்பது பேர் எழுதியிருக்கிறார்கள். உங்கள் அண்ணனுக்காகவே நான் உங்களைத் தேர்ந்தெடுக்கிறேன்.'

பின்னறையில் எந்திரத்தை நிறுத்திவிட்டு அவள் அதை மூன்று தடவை படித்தாள்.

"நான் நேர்ல வந்து பாத்து எடுத்துக்கிறேனே" என்று அவள் கேட்டபோது, டாக்டர் தான் ஏற்கெனவே தலைநகரத்தில் விசா வேலையாக இருப்பதாகவும், கிளி ஒரு பயண நிறுவனத்தின் பராமரிப்பில் இருப்பதாகவும் எழுதினார். வீடியோவில் பேசலாமா என்றால், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்பார். ஆனால் கிளியின் படங்கள் வந்துகொண்டே இருந்தன: கிளி குளிப்பது, கிளி ஆப்பிள் தின்பது, கிளி மேஜை விளக்குக்குப் பக்கத்தில் தூங்குவது. வண்டிக் கூலி மட்டும் அவள் கட்ட வேண்டும். கூடவே முகவரியும் அடையாள அட்டையின் நகலும் வேண்டும். எல்லாவற்றையும் அனுப்பினாள். வண்டிக் கூலி அவள் சம்பளத்தில் கால் பங்கு. கடையில் கேட்ட விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் படங்களைக் காட்டினாள்.

"பாருண்ணா, நம்ம வீட்டுக்கு வரப்போற ஆளு."

அண்ணன் ஆசையாகத்தான் வாங்கிப் பார்த்தார். முதல் படம், இரண்டாம் படம். மூன்றாவதில் அவர் கட்டைவிரல் நின்றது. படத்தை விரித்துப் பெரிதாக்கினார். அவர் நெற்றி சுருங்கியது.

"நாளைக்கு" என்றார்.

"நாளைக்கு இல்லண்ணா, வெள்ளிக்கிழமை."

"நாளைக்கு! நாளைக்கு!" இந்தத் தடவை குரல் உயர்ந்தது. போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அவசரத்தப் பாரு! வந்துரும்ணா, வந்துரும்" என்று அவள் சிரித்துக்கொண்டே போனை வாங்கிக்கொண்டாள். அவர் இடது கையால் தன் தொடையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தாளை நீட்டினார். பென்சிலால் கோணல்மாணலாக ஒரு சதுரம், அதற்குள் மேலே ஒரு புள்ளி, கீழே இரண்டு புள்ளி. எட்டு மாதமாகக் கோட்டைத் தவிர எதுவும் வராத கையிலிருந்து ஒரு படம்! கிளியின் முகத்தைத்தான் தலைகீழாக வரைந்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. "அண்ணா, எவ்ளோ அழகா வரைஞ்சிருக்கே!" என்று அதை ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டினாள். திரும்பிப் பார்த்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

புதன்கிழமை பயண நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. முத்திரை, கையெழுத்து, சிவப்பு எழுத்தில் குறிப்பு எண், எல்லாம் இருந்தன. பறவையை ஏற்றிச் செல்ல, வெப்பம் சீராக இருக்கும் தனிக் கூண்டு வேண்டுமாம். அதற்கு முன்பணம் கட்ட வேண்டும். கிளி வந்து சேர்ந்ததும் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். வண்டிக் கூலியைப் போல அது இரண்டு மடங்கு.

அவளுக்கு முதல் தடவையாகச் சந்தேகம் தட்டியது. டாக்டருக்கு எழுதினாள். 'எனக்கும் இது தெரியாது சகோதரி, வெட்கமாக இருக்கிறது. பாதிப் பணம் நானே கட்டிவிட்டேன். மீதியை நீங்கள் கட்டினால் போதும். பாவம், அது இன்று காலையிலிருந்து எதையும் சாப்பிடவில்லையாம்' என்று பதில் வந்தது. கூடவே ஒரு படம்: சின்னக் கூண்டில், சிறகுகளைச் சிலுப்பிக்கொண்டு, கண்ணை மூடிய கிளி.

மனிதரே பாதி கட்டியிருக்கிறார், நாம் சந்தேகப்படலாமா? பணத்தை அனுப்பினாள். கடிதத்தில் இருந்த குறிப்பு எண்ணைப் போட்டுப் பார்த்தால், நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு வரைபடமும் அதில் ஒரு நீலப் புள்ளியும் வந்தன. அந்தப் புள்ளி நகர்ந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

வியாழக்கிழமை முழுவதும் அவள் அந்தப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லென்ஸைத் தேய்க்கப் போட்டுவிட்டுப் புள்ளி. எடுத்துவிட்டுப் புள்ளி. ஒரு ஃபிரேமில் இடது வலது மாற்றிப் பொருத்திவிட்டாள். கண்ணாடியைப் போட்டுப் பார்த்த வாடிக்கையாளர், "தரை எங்கேயோ இருக்குங்க" என்று தடுமாறியிருக்கிறார். முதலாளி பின்னறைக்கு வந்து, "இருபது வருஷத்துல இதான் முதல் தடவை. உடம்புக்கு என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்றாள். மூன்று மணிக்குப் புள்ளி ஒரு இடத்தில் நின்றது. ஐந்து மணிக்கும் அங்கேயே நின்றது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது. தெரியாத எண். ஒரு ஆணின் குரல், அதிகாரமாக.

"பறவை சோதனை நிலையத்துலேர்ந்து பேசறேன். உங்க பேர்ல வந்த பறவைக்கு இன்ஷூரன்ஸ் இல்ல. சட்டப்படி நாங்க பிடிச்சு வெச்சிருக்கோம்."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"அது எங்க பிரச்சினை இல்லம்மா. ரெண்டு மணி நேரத்துல பணம் கட்டணும். இல்லேன்னா பறவையக் கைவிட்டதா உங்க மேல கேஸ் ஆகும். உங்க அடையாள அட்டை எங்ககிட்ட இருக்கு. வீட்டு அட்ரஸ் இருக்கு. ஆள் வருவாங்க."

அவள் சமையலறை வாசலிலேயே நின்றாள். "கிளி நல்லாயிருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"தண்ணி வெச்சு பதினாறு மணி நேரமாச்சு. அதுக்கு என்னாச்சுன்னாலும் பொறுப்பு நீங்கதான்."

போன் வைக்கப்பட்டது. கட்டச் சொன்ன தொகை செய்தியாக வந்தது. முதல் இரண்டையும் சேர்த்தாலும் அதற்குப் பக்கத்தில் வராது. அண்ணனின் கம்பெனி கொடுத்த பணம் வைத்தியத்துக்கென்று தனிக் கணக்கில் இருந்தது. அதைத் தொட்டால்தான் உண்டு.

இது சரியில்லை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. புதன்கிழமையே உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிவிட்டது. ஆனால் அதைக் காது கொடுத்துக் கேட்டால், கொடுத்த பணம் போயிற்று, வரப்போகும் கிளி போயிற்று, முப்பது பேரில் தன்னைத் தேர்ந்தெடுத்த அந்த நல்ல மனிதரும் போய்விடுவார். எல்லாவற்றையும்விட, ஒருவேளை நிஜமாகவே அங்கே ஒரு கிளி தண்ணீர் இல்லாமல் இருந்தால்? அவள் மேஜை முன்னால் உட்கார்ந்து வங்கிச் செயலியைத் திறந்தாள். கடவுச்சொல் இரண்டு தடவை தப்பாகப் போனது.

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்ததை அவள் கவனிக்கவில்லை. பிடிக்க ஆள் இல்லாமல் அவர் எழுவதே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து வந்து, மேஜை மேலிருந்த போனை இடது கையால் தட்டிவிட்டார். அது தரையில் விழுந்து அலமாரிக்கு அடியில் போனது.

"அண்ணா! உனக்கு என்ன பைத்தியமா?" அவள் கத்தினாள். அவரிடம் அவள் அப்படிக் கத்தியதே இல்லை. "அது செத்துரும்ணா! என்னை உள்ள தூக்கி வெச்சுருவாங்க! உனக்காகத்தானே நான் இந்தப் பாடு படறேன்!"

"நாளைக்கு" என்றார் அண்ணன். குரல் உடைந்திருந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். ஒரு கைதான் வேலை செய்கிறது. ஆனால் அது முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்த கை. இழுத்துக்கொண்டு போய் ஃப்ரிட்ஜ் முன்னால் நிறுத்தி, தான் வரைந்த படத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு குனிந்து, விழப்போய்ச் சமாளித்து, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த மின்சார பிளக்கின் மேல் அதே விரலை வைத்தார்.

வெள்ளைச் சதுரம். மேலே ஒரு துளை. கீழே இரண்டு துளை.

அவள் படத்தையும் பிளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். கிளி முகம் இல்லை அது.

"பிளக்கா? பிளக்குக்கு என்னண்ணா?"

அவர் தரையைக் காட்டினார். அவள் அலமாரிக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். அதை வாங்கி, மேஜை விளக்குக்குப் பக்கத்தில் கிளி தூங்கும் படத்தைத் தேடி எடுத்து, கிளியை ஓரம் தள்ளிவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த சுவரைப் பெரிதாக்கினார். விளக்கின் ஒயர் போய்ச் சேரும் இடத்தில் ஒரு பிளக் இருந்தது. அதில் வட்டத் துளைகளே இல்லை. தட்டையாக, நேராக, இரண்டு கீறல்.

இப்படி ஒரு பிளக்கை அவள் இந்த நாட்டில் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் டாக்டர் வீட்டுச் சுவரில் அது இருக்க முடியாது. எங்கோ, கடல் கடந்து யாரோ, தன் வீட்டுக் கிளியைத் தன் சோபாவில் வைத்து ஆசையாக எடுத்த படம் அது. திருடிய படம்.

"முதல் நாளே பாத்துட்டியா?" என்றாள்.

அவர் ஆமாம் என்று தலையசைத்தார். அவருக்கு மூச்சு இரைத்தது. அவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அவள் அவர் காலடியிலேயே தரையில் உட்கார்ந்தாள். முகத்தைப் பாருங்க, கையைப் பாருங்க என்று பேச்சுப் பயிற்சிப் பெண் தலைபாடாகச் சொன்னாளே! அவர் நான்கு நாளாகக் கத்தியிருக்கிறார், குத்தியிருக்கிறார், வராத கையால் வரைந்துகூடக் காட்டியிருக்கிறார். அவள் அதை ஒட்டி வைத்து அழகு பார்த்திருக்கிறாள்.

போன் மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் செய்தி வந்தது. 'ஒரு மணி நேரம் இருக்கிறது.' டாக்டரிடமிருந்தும் ஒன்று: 'சகோதரி, ஒரு உயிரோடு விளையாடாதீர்கள்.' கடைசியில் அவளுடைய அடையாள அட்டைப் படத்தையே திருப்பி அனுப்பி, அதன் மேல் சிவப்பில் 'குற்றவாளி' என்று எழுதியிருந்தார்கள். பொய் என்று தெரிந்த பிறகும் அவள் எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

வங்கி திறக்கும்போது அவள் வாசலில் நின்றாள். கவுன்ட்டரில் இருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திட்டவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. "எந்த நேரத்துக்கு அனுப்பினீங்க, அதச் சொல்லுங்க முதல்ல" என்றாள். வண்டிக் கூலி அனுப்பிய கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. கூண்டுப் பணம் போன கணக்கை மட்டும் நிறுத்தி வைக்க முடிந்தது. "வந்தாலும் வரும், வராமலும் போகலாம். அட்டை நகலை வெச்சு உங்க பேர்ல யாராவது கடன் வாங்காம இருக்க, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. போலீஸ்லயும் எழுதிக் கொடுங்க. மெசேஜ் எதையும் அழிக்காதீங்க, பதிலும் போடாதீங்க." காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்ட எழுத்தர், "கிளியா? போன வாரம் ஒருத்தருக்குக் குரங்கு" என்றார். அவளுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. "பறவையக் கைவிட்டதா கேஸ்னு சொன்னாங்க" என்றாள். "வராத பறவைய எப்படிம்மா கைவிடுவீங்க?" என்று அவர் கேட்டபோதுதான் தோள் கொஞ்சம் இறங்கியது.

ஆனாலும் அடுத்த இரண்டு வாரம் அவள் வாழ்ந்தது வாழ்க்கையே இல்லை. ஆள் வருவாங்க என்ற குரல் காதை விட்டுப் போகவில்லை. வேலைக்குப் போகும்போது வெளியில் பூட்டினால் அண்ணனுக்கு ஆபத்து என்றால் வெளியேற வழியில்லை. பூட்டாமல் போனால் யாராவது வந்துவிட்டால்? பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்கி, திரும்பி வந்து திறப்பாள். கீழ் வீட்டம்மாவிடம் ஒரு சாவியைக் கொடுத்த பிறகுதான் ஒரு வழியாகப் பேருந்து ஏற முடிந்தது. ஒரு நாள் அழைப்பு மணி அடித்தபோது இரண்டு பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் மீட்டர் பார்ப்பவர் கதவடியில் ஒரு சீட்டைத் தள்ளிவிட்டுப் போனார்.

யாரும் வரவில்லை. செய்திகள் குறைந்து, நின்றுபோயின. மூன்றாவது வாரம் கூண்டுப் பணம் திரும்ப வந்தது. வண்டிக் கூலி போனது போனதுதான்.

"இனிமே கிளின்னு பேச்செடுத்தா பாரு" என்று அவள் பொதுவாகச் சுவரிடம் சொன்னாள்.

பேச்செடுத்தது அண்ணன்தான், அவர் வழியில். ஒரு சாயங்காலம் போனை நீட்டினார். பறவைகளுக்கான காப்பகம் ஒன்றின் பக்கம். நகர எல்லையில், பேருந்து எண்ணோடு முகவரி போட்டிருந்தது. 'பறவைகளை நேரில் வந்து மட்டுமே பார்க்கலாம். முன்பணம் வாங்குவதில்லை. யாருக்கும் அனுப்பி வைப்பதில்லை' என்று மேலேயே எழுதியிருந்தார்கள். அண்ணன் ஒரு படத்தைப் பெரிதாக்கி, சுவரில் இருந்த பிளக்கைக் காட்டினார். மூன்று வட்டத் துளைகள்.

"வேணாம்ணா. எனக்குத் தெம்பில்ல."

அவர் போனைக் கீழே வைக்கவில்லை. அவள் அந்தப் பக்கத்தில் இருந்த எண்ணைக் கூப்பிடவே இல்லை. முதலில் பறவைக் கடைக்குப் போய், அப்படி ஒரு காப்பகம் நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டாள். தன் கண்ணாடிக் கடைக்கு வரும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டாள். இரண்டு பேரும் அதை நடத்தும் அம்மாவைத் தெரியும் என்ற பிறகு, ஒரு சனிக்கிழமை காலை அண்ணனைக் கைத்தாங்கலாகப் பேருந்தில் ஏற்றினாள்.

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே காது கிழியும் சத்தம். காப்பகத்தை நடத்திய அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். இரண்டு கையிலும் கொத்துத் தழும்பு. வந்தவர்களை அவள் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"எதுக்குக் கிளி வேணும்?"

பாப்பா அண்ணனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். போன தடவை அதைச் சொல்லித்தான் சிக்கினாள். "வீட்டுல வளக்கத்தான்" என்றாள்.

"எல்லாரும் அதான் சொல்றாங்க. இங்கேர்ந்து இலவசமா எடுத்துட்டுப் போய் இணையத்துல வித்துடறாங்க. உங்க அடையாள அட்டை காப்பி வேணும்."

பாப்பா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அதெல்லாம் தர முடியாது. எதுக்குக் கேக்கறீங்க?"

"நாளைக்கு நீங்க கிளிய வித்துட்டா நான் யாரைத் தேடுவேன்?"

"நாளைக்கு நீங்க என் அட்டைய வித்துட்டா நான் யாரைத் தேடுவேன்?"

இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மாவின் முகம்தான் முதலில் மாறியது. "யார்கிட்டயோ நல்லா மாட்டியிருக்கீங்க" என்றாள். பாப்பா ஆமாம் என்று தலையசைத்தாள். அந்த அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சரி, காப்பி வேணாம். உங்க முன்னாலயே நம்பர மட்டும் நோட்டுல எழுதிக்கிறேன். என் அட்டைய நீங்க எழுதிக்குங்க. அப்புறம் மூணு தடவை வரணும். அதுக்கப்புறம் நான் உங்க வீட்டைப் பாக்க வருவேன். அதுவரைக்கும் ஒரு பைசா நான் கேக்க மாட்டேன், நீங்களும் கொடுக்காதீங்க."

சாம்பல் கிளி அங்கே இல்லை. கூண்டில் பிறந்து வளர்ந்த, காலில் எண் பொறித்த வளையம் போட்ட கிளிகள் ஏழெட்டு இருந்தன. அண்ணன் எல்லாவற்றையும் தாண்டிப் போய்க் கடைசிக் கூண்டின் முன்னால் நின்றார். ஒரு பச்சைக் கிளி. நெஞ்சில் இறகே இல்லை. தானே பிடுங்கிப்போட்டுத் தோல் தெரிந்தது.

"அது வேணாம்" என்றாள் காப்பகத்து அம்மா. "அது பேசாது. முன்னாடி இருந்த வீட்டுல ஒரு அறையில பூட்டியே வெச்சிருந்தாங்க. யாரு கிட்டப் போனாலும் முதுகைக் காட்டும். பேசுற கிளி ரெண்டு இந்தப் பக்கம் இருக்கு, பாருங்க."

பாப்பா அந்தப் பக்கம் போனாள். ஒரு கிளி அவளைப் பார்த்து, "வா, வா, உக்காரு" என்றது. வீட்டில் ஒரு குரல்! திரும்பி, "அண்ணா, இங்க வந்து பாரேன்" என்றாள். அவர் வரவில்லை. பச்சைக் கிளியின் முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கிளி முதுகைக் காட்டியது. அவரும் கொஞ்சம் திரும்பி, அதைப் பார்க்காமல், சும்மா இருந்தார். முக்கால் மணி நேரம் இருந்தார்.

இரண்டாவது சனிக்கிழமையும் அப்படித்தான். மூன்றாவது சனிக்கிழமை கிளி கம்பியோரமாக நகர்ந்து நகர்ந்து வந்து, அவருடைய அசையாத வலது கை விரலை, கடிக்காமல், அலகால் தொட்டுப் பார்த்தது. அவர் முகத்தை அன்று அவள் சரியாகப் பார்த்தாள். பேசுகிற கிளி வேண்டியிருந்தது அவருக்கு இல்லை, தனக்குத்தான். அவருக்கு, தன்னைப் பேசச் சொல்லி எதிர்பார்க்காத ஒரு துணை வேண்டியிருந்தது.

"இதையே எடுத்துக்கிறோம்" என்றாள்.

காப்பகத்து அம்மா வீட்டுக்கு வந்தாள். ஜன்னல் வலையை இழுத்துப் பார்த்தாள், அடுப்புக்கும் கூண்டுக்கும் எத்தனை தூரம் என்று காலடியால் அளந்தாள், இரண்டு குறை சொன்னாள், அவற்றைச் சரிசெய்த பிறகுதான் கிளியைக் கொண்டுவந்தாள். மருத்துவர் பார்த்த சீட்டையும், வளையத்தின் எண் எழுதிய தாளையும் கொடுத்துவிட்டு, கூண்டுக்கும் மருந்துக்குமான செலவை அன்றைக்குத்தான் வாங்கிக்கொண்டாள்.

முதல் நாள் கிளி எதையும் தொடவில்லை. இரண்டாம் நாள் காலையும் கிண்ணம் அப்படியே இருந்தது. பாப்பாவுக்குப் பழைய பயம் திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. காப்பகத்து எண்ணைக் கூப்பிட்டாள். எடுக்க மாட்டார்கள் என்றே நினைத்தாள். இரண்டாவது மணியில் எடுத்து, கேட்பதற்கு முன்பே வீடியோவைப் போட்டு, கையில் ஒரு குஞ்சோடு நின்றாள் காப்பகத்து அம்மா. "கண்ணு எப்படியிருக்கு? எச்சம் போட்டுச்சா? அப்ப பயப்படாதீங்க. புது இடம். நீங்க நின்னு நின்னு பாத்தா அது சாப்பிடாது. ஒரு பக்கமாப் போங்க."

அவள் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து அண்ணனின் முதுகு மட்டும் தெரிந்தது. அவர் ஒரு கொய்யாவை இடது கையால் மேஜையில் அழுத்திப் பிளந்து, ஒரு துண்டைக் கூண்டின் கம்பியில் செருகிவிட்டு, இன்னொன்றைத் தான் கடித்தார். அவசரமில்லாமல் மென்றார். வெகுநேரம் கழித்து, மென்மையாக ஏதோ கிழிபடும் சத்தம் கேட்டது. அப்புறம் விதைகள் கிண்ணத்தில் தெறித்தன. அண்ணன் திரும்பாமலே இடது கையைப் பின்னால் நீட்டி, அங்கேயே இரு என்று அவளுக்குச் சைகை காட்டினார்.

அவள் அங்கேயே இருந்தாள். அன்று கடைக்குப் போக ஒரு மணி நேரம் தாமதமானது.